வுடி மஸ்க் எந்த மாதிரி ஆளுக்கு?

கேள்வி கேட்டவர் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர், வயது 34. அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பிறந்தநாளுக்கு மனைவி ஒரு பெர்ஃப்யூம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பெட்டியில் 'வுடி மஸ்க்' என்றும், 'தன்னம்பிக்கை மிகுந்த ஆளுமைக்கு' என்றும் போட்டிருக்கிறது. இவரோ அதிகம் பேசாதவர், நாலு பேர் கூடினால் சுவரோரம் நிற்கிறவர். போட்டுப் பார்த்தால் பத்தே நிமிடத்தில் வாசனை காணாமல் போய்விடுகிறதாம். இது டூப்ளிகேட்டா, இல்லை என் குணத்துக்கு ஒத்துவராத செண்ட்டா, வுடி மஸ்க் என்றால்தான் என்ன, அது யாருக்குப் பொருந்தும் என்று கேட்கிறார்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக் காலையில் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்து மனைவியைப் பக்கத்தில் வந்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு வாசனை வந்து உங்களுக்கு வரவில்லை என்றால் குப்பியில் குறை இல்லை, விஷயம் உங்கள் மூக்கில் இருக்கிறது. பயப்பட வேண்டாம், நோய் ஒன்றும் இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் 11 வருடம் துபாயில், தேரா பக்கம், ஒரு வாசனைத் திரவியக் கடை கவுண்டரில் நின்றவன். இப்போது திருச்சியில் சின்னதாகச் சொந்தக் கடை. 'இது எனக்கு செட் ஆகுமாண்ணே?' என்ற கேள்வியைக் காதில் வாங்காத நாள் கிடையாது. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஸ்க் என்பது நம்முடைய கஸ்தூரிதான். 'முஷ்க' என்ற வடமொழிச் சொல் பாரசீகம் வழியாக மேற்கே போய் மஸ்க் ஆனது. இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் வாழ்கிற கஸ்தூரி மானில், ஆண் மானுக்கு மட்டும் அடிவயிற்றில் ஒரு பை உண்டு. அதில் ஊறுவது காய்ந்தால் காப்பித்தூள் நிறத்தில் குருணை குருணையாக இருக்கும். ஒரு பையில் கிடைப்பது ஏறத்தாழ 25 கிராம். அந்த 25 கிராமுக்காக மானைக் கொன்று கொன்று இனமே அருகிப் போனது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கஸ்தூரி மான் இருக்கிறது. வேட்டையாடினாலும் குற்றம், விற்றாலும் குற்றம். ஆகவே இன்று கடையில் யாராவது மேசைக்கு அடியிலிருந்து ரகசியமாக எடுத்து 'ஒரிஜினல் கஸ்தூரி' என்று காட்டினால், ஒன்று அது போலி, இல்லையென்றால் திருட்டுச் சரக்கு. இரண்டையும் வாங்காதீர்கள். (கஸ்தூரி மஞ்சளில் கஸ்தூரி துளியும் கிடையாது. பெயர் மட்டும்தான். ஆனால் கஸ்தூரி வெண்டை என்று ஒரு செடி இருக்கிறது, அதன் விதையைக் கசக்கி முகர்ந்தால் நிஜமாகவே அந்த வாசம் வரும். பெர்ஃப்யூம் தொழிலில் இன்றைக்கும் அந்த விதையின் எண்ணெயைப் பயன்படுத்துகிறார்கள்.)

அப்படியானால் உங்கள் குப்பிக்குள் இருப்பது என்ன? அதற்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. 1888இல் ஆல்பர்ட் பௌர் என்ற வேதியியலாளர் டி.என்.டி. வகை வெடிமருந்தை இன்னும் நன்றாக வெடிக்க வைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கிடைத்த பொருள் வெடிமருந்தாகத் தேறவில்லை. ஆனால் கஸ்தூரி மாதிரி மணத்தது. மனிதர் சளைக்காமல் அதையே வாசனைப் பொருளாக விற்றார். செயற்கை மஸ்க் அங்கே ஆரம்பித்தது. அப்புறம் 1926இல் லியோபோல்ட் ருஷிச்கா என்ற வேதியியலாளர், உண்மையான கஸ்தூரியின் வாசத்துக்குக் காரணமான மஸ்கோன் என்ற பொருளின் அமைப்பைக் கண்டுபிடித்தார். 15 கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் பெரிய வளையம் அது. அவ்வளவு பெரிய வளையம் நிலைத்து நிற்காது என்றுதான் அதுவரை வேதியியலாளர்கள் நம்பியிருந்தார்கள். 1939இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த வேலையும் ஒரு காரணம்.

1960களில் கேலக்ஸோலைட் என்ற இன்னொரு வகை வந்தது. மலிவு, சோப்புக் காரத்துக்கு அசையாது, தண்ணீரில் கரைந்து போகாமல் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். துணி சோப்புத்தூள்காரர்கள் விடுவார்களா? மூட்டை மூட்டையாகப் போட்டார்கள். விளைவு என்னவென்றால், துவைத்துக் காயவைத்த சட்டையை முகர்ந்தால் வருகிற 'சுத்தமான' வாசம் என்று உலகமே ஏற்றுக்கொண்டதில் பெரும்பங்கு இந்த மஸ்க்தான். மிருகத்தின் அடிவயிற்றிலிருந்து வந்த வாசம் இரண்டு தலைமுறைக்குள் வெள்ளைச் சட்டையின் வாசமாக மாறிப்போனது. 'ஒயிட் மஸ்க்' என்று குப்பிகளில் போடுவது இந்தச் சுத்த வகையைத்தான். தி பாடி ஷாப் என்ற அழகுசாதன நிறுவனம் 1981இல் அந்தப் பெயரிலேயே ஒன்று கொண்டுவந்தது, இன்றும் விற்கிறது. உங்கள் குப்பியில் இருப்பதும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளாகத்தான் இருக்கும்.

இனி மரம். வுடி என்று போட்டால் சந்தனம், தேவதாரு வகைகள், வெட்டிவேர், இவற்றின் செயற்கைச் சகோதரர்கள். சந்தனம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் நடுக்கட்டையான வைரத்தில்தான் எண்ணெய், வெளி வெள்ளைக்கட்டையில் ஒன்றுமில்லை. மறையூர், ஜவ்வாது மலை, கர்நாடகக் காடுகள் என்று நம்மைச் சுற்றியே நின்ற மரம். இன்று நல்ல மைசூர்ச் சந்தன எண்ணெயைப் பெரிய கம்பெனிகளே கணக்குப் பார்த்துத்தான் தொடுகின்றன, நிறையப் பேர் ஆஸ்திரேலியச் சந்தனத்துக்குப் போய்விட்டார்கள். தேவதாரு வகை என்றால் பென்சில் சீவுகிற வாசம். உவமைக்காகச் சொல்லவில்லை. வர்ஜீனியா சீடர் என்கிற மரத்தில்தான் ஒரு காலத்தில் பென்சில் செய்தார்கள், அந்த மரத்தின் எண்ணெயைத்தான் பெர்ஃப்யூமிலும் போடுகிறார்கள். வெட்டிவேர் வேராக இருந்தாலும் தொழிலில் அதை மரக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். உலகம் முழுக்க அதை 'வெட்டிவர்' என்றுதான் சொல்கிறார்கள், நம் சொல்தான் பிரெஞ்சுக்காரர்கள் வாயில் போய் அப்படி ஆகியிருக்கிறது. தேராவில் ஒரு பிரெஞ்சுக்கார அம்மா எனக்கு அந்தச் சொல்லைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொடுத்தார். நானும் பவ்யமாகக் கற்றுக்கொண்டேன்.

செயற்கைச் சகோதரர்களில் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. ஐஸோ ஈ சூப்பர். 1973இல் அமெரிக்காவின் ஐ.எஃப்.எஃப். என்ற வாசனைப்பொருள் நிறுவனத்தில் உருவானது. தனியாக முகர்ந்தால் வெல்வெட் துணிக்குள் சீடர் கட்டையைச் சுற்றி வைத்த மாதிரி இருக்கும், பல பேருக்கு ஒன்றுமே இல்லாத மாதிரியும் இருக்கும். டியோரின் ஃபாரன்ஹீட், 1988இல் வந்தது, அதில் கால்வாசிக்கு இதுதான். 2006இல் கேஸா ஷோன் என்ற ஜெர்மன் பெர்ஃப்யூமர் ஒரு குறும்பு செய்தார். வேறு எந்த வாசனையும் சேர்க்காமல் இதை மட்டும் குப்பியில் ஊற்றி 'மாலிக்யூல் 01' என்று விற்றார். சக்கைப்போடு போட்டது.

அதில் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். தேராவில் சேர்ந்த புதிது. ஐஸோ ஈ சூப்பர் நிறையக் கலந்த ஒரு டெஸ்டர், அதாவது வாடிக்கையாளர் முகர்ந்து பார்க்க வைக்கிற குப்பி, இருந்தது. காலையில் இரண்டு முறை அடித்தேன், ஒன்றும் வரவில்லை. சரி, குப்பி பழசு என்று இன்னும் நாலு, அப்புறம் சட்டையின் மேல் ஆறு. மதியத்துக்குள் கேஷியர் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். மாலையில் மேனேஜர் கூப்பிட்டு, 'நீ விற்க வந்திருக்கியா, புகை போட வந்திருக்கியா?' என்றார். எனக்கோ அப்போதும் சட்டையில் வெறும் சட்டை வாசம்தான் வந்தது. அடுத்த நாள் காலை, துவைக்காமல் தொங்கிய அதே சட்டையை எடுத்தபோது முகத்தில் அறைந்த மாதிரி வந்தது பாருங்கள். அந்த வாசனைக்குப் பழகி மரத்துப்போன மூக்கு இரவில் ஓய்ந்து எழுந்திருந்தது.

இப்போது உங்கள் பத்து நிமிட விஷயத்துக்கு வருகிறேன். வாசனைப் பொருள்களுக்கு எடை உண்டு. எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனீனின் மூலக்கூறு எடை 136. சந்தனத்தின் சாண்டலால் 220, மஸ்கோன் 238, கேலக்ஸோலைட் 258. எடை குறைந்தது சட்டென்று ஆவியாகி மூக்குக்கு வரும், சட்டென்று போயும் விடும். எடை கூடியது தோலோடு கிடந்து மெல்ல மெல்ல எழும். உங்கள் குப்பியில் முதல் பத்து நிமிடம் வந்தது பெரும்பாலும் மேலே தூவிய எலுமிச்சையோ மிளகோ ஏலமோ. அது கடை வாசலில் நிற்கிற ஆள் மாதிரி, உங்களை உள்ளே அழைத்துவிட்டு அவர் போய்விடுவார். அவர் போனதும் வாசனையே போய்விட்டது என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். உண்மையான சரக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

அதோடு, மஸ்க் மூலக்கூறுகள் பெரியவை என்பதால் மூக்கால் உணர முடிகிற எல்லைக்கோட்டில் நிற்பவை. ஒருவருக்கு நன்றாக வரும் மஸ்க் இன்னொருவருக்குச் சுத்தமாக வராது. இது பிறவியிலேயே வருகிற வேறுபாடு. ஜலதோஷம் பிடித்த மூக்கு மாதிரி எல்லா வாசமும் அடைபட்டுப் போவதில்லை, அந்த ஒரு மஸ்க்குக்கு மட்டும் கதவு மூடியிருக்கும். இன்னொரு மஸ்க்குக்குத் திறந்திருக்கும். அதனால்தான் விவரமான பெர்ஃப்யூமர்கள் ஒரே குப்பியில் மூன்று நாலு வகை மஸ்க்கைக் கலந்து போடுகிறார்கள். ஏதாவது ஒன்றாவது ஒவ்வொரு மூக்கிலும் நுழையட்டுமே என்று.

ராமநாதபுரம் பக்கத்து அண்ணன் ஒருவர் கடைக்கு வந்தது ஞாபகம் இருக்கிறது. ஊருக்குப் போகிற அவசரம், கையில் பெட்டி கட்டுகிற டேப். ஒயிட் மஸ்க் அத்தர் ஒன்றை மணிக்கட்டில் தடவினேன். முகர்ந்தார், திருப்பி முகர்ந்தார். 'தம்பி, தண்ணியைத் தடவி ஏமாத்துறியா?' என்றார். வாசல் பெஞ்சில் அவர் மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'எனக்கு இங்க வரைக்கும் வருதுங்க, நீங்க சும்மா இருங்க' என்றார் அந்த அக்கா. மூன்று காகித ஸ்ட்ரிப்பில் மூன்று வேறு மஸ்க் தொட்டுக் கொடுத்தேன். முதலாவது இல்லை, மூன்றாவது இல்லை, இரண்டாவதை முகர்ந்ததும் புருவம் மேலே போனது. 'அட, இது நல்லாருக்கே.' அதையே வாங்கிக்கொண்டு போனார். உங்கள் வீட்டிலும் இதுவேதான் நடக்கிறது என்று என் ஊகம். இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், 'எனக்கே வாசனை வரவில்லை' என்று சொல்லி இன்னும் பத்து தடவை அடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படி ஒரு ஆள்தானே.

சரி, குணம். 'தன்னம்பிக்கை மிகுந்த ஆளுமைக்கு' என்று பெட்டியில் எழுதியவர் உங்களைப் பார்த்ததில்லை. அந்த வரி விற்பனைக்கு எழுதியது. நியூயார்க்கில் 2011இல் வந்த சாண்டல் 33 என்ற பெர்ஃப்யூமை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தனம், சீடர், ஏலம், கொஞ்சம் தோல் வாசம். பழைய சிகரெட் விளம்பரத்துக் குதிரைக்காரன், பாலைவனம், தனியாக எரியும் நெருப்பு, யாருக்கும் கட்டுப்படாத மனிதன் என்றெல்லாம் கதை சொல்லித்தான் விற்றார்கள். கொஞ்ச வருடத்தில் நகரத்தின் பாதி ஓட்டல் லாபியிலும் காப்பிக் கடையிலும் அதே வாசனை. தனித்துவமான மனிதர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி மணத்தார்கள். அதுவே அங்கே கேலிப் பேச்சாகவும் ஆகிவிட்டது. வாசனை என்னவோ அருமையானதுதான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

அப்படியென்றால் ஆளுக்கும் வாசனைக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, ஆனால் விளம்பரம் சொல்கிற இடத்தில் இல்லை. 2001இல் மிலின்ஸ்கி, வெடெகிண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். பெர்ஃப்யூமில் போடும் வாசனைப் பொருள்களைக் கொடுத்து, இது உன் உடம்புக்குப் பிடிக்குமா என்று கேட்டார்கள். நோய் எதிர்ப்புச் சக்தி சம்பந்தமான மரபணு வகைக்கும் அவர்கள் தேர்ந்தெடுத்த வாசனைக்கும் தொடர்பு தெரிந்தது. உன் துணையிடம் எந்த வாசனை வேண்டும் என்று கேட்டபோது அந்தத் தொடர்பு மங்கிவிட்டது. 2012இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் இன்னொன்று பார்த்தார்கள். அவரவர் தனக்கென்று வாங்கி வைத்திருந்த பெர்ஃப்யூமை அக்குளில் போட்டபோது, உடம்பு வாசமும் அதுவும் கலந்த கலவையை மற்றவர்கள் நல்லதாகச் சொன்னார்கள். ஆய்வாளர்களே எடுத்துக் கொடுத்த பெர்ஃப்யூமில் அவ்வளவு சரியாக வரவில்லை. வெறும் பெர்ஃப்யூமாக முகர்ந்தபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மனிதர் தன் தோலுக்கு எது சேரும் என்பதைத் தனக்கே தெரியாமல் ஓரளவு சரியாகத்தான் பொறுக்குகிறார் என்று நான் புரிந்துகொள்கிறேன். இரண்டும் சின்ன ஆய்வுகள்தான், இதை வைத்து ஜாதகம் எழுத முடியாது. ஆனால் என் கவுண்டர் அனுபவமும் அதையேதான் சொல்கிறது.

என் கருத்தைக் கேட்டால், வுடி மஸ்க்கின் குணத்தை அதன் நடவடிக்கையில் பார்க்க வேண்டும். தாமதமாக வரும். பக்கத்திலேயே நிற்கும். நெடுநேரம் இருக்கும். கூட்டத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவருக்கு இது சரிப்படாது. ஒரு பையன் அண்ணன் கல்யாண ரிசப்ஷனுக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் வந்து, 'ஒருத்தர்கூட என்ன செண்ட்னு கேக்கலண்ணே' என்றான். எப்படிக் கேட்பார்கள்? மேளம், பூ, பிரியாணி, அறுநூறு பேர். அவனுக்கு நான் ஊத் என்கிற அகில் வாசமும் ரோஜாவும் கலந்த ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும். தப்பு என்னுடையதுதான், எங்கே போடப் போகிறாய் என்று கேட்கவில்லை.

ஆனால் ஒரு மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்து பேசுகிறவர்கள், ஒருவருக்குப் பக்கத்தில் குனிந்து எதையாவது சொல்லிக்கொடுக்கிறவர்கள், பேச்சைக் குறைத்து வேலையை நீட்டுகிறவர்கள், இவர்களிடம் இந்த வாசனை அழகாக உட்காரும். எங்கள் கடைக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். 3 மில்லி சந்தன அத்தர், அதோடு கொஞ்சம் ஒயிட் மஸ்க், நான் கலந்து கொடுக்க வேண்டும். வந்ததும் உட்காருவார், அரை மணி நேரம் எதுவும் பேச மாட்டார், மணிக்கட்டை மட்டும் மெல்ல முகர்வார். அப்புறம், 'போன தடவையவிட இந்தத் தடவை மஸ்க் ஒரு சொட்டு கூடிப்போச்சு தம்பி' என்பார். சரியாகத்தான் இருக்கும். காதுமடலுக்குப் பின்னால் ஒரு சொட்டு, அவ்வளவுதான் அவர் போடுவது. நாற்காலியிலிருந்து எழுந்து போன பிறகு அந்த இடத்தில் லேசாக இருக்கும்.

ஆக, சுவரோரம் நிற்கிறவர் என்று நீங்கள் உங்களைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெட்டியில் எழுதியிருக்கிற ஆளைவிட நீங்கள்தான் இதற்கு ஏற்ற ஆள். உங்கள் வங்கிக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற வாடிக்கையாளரை இது தொந்தரவு செய்யாது. பக்கத்தில் வருகிறவருக்கு மட்டும் தெரியும். உங்கள் மனைவி இதைப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார் என்று தோன்றுகிறது, பெட்டியைப் படித்து வாங்கியிருக்க மாட்டார்.

ஒரு எச்சரிக்கை. 'வுடி மஸ்க்' என்ற அதே பெயரில் முற்றிலும் நேர்மாறான ஒரு கூட்டமும் கடையில் உட்கார்ந்திருக்கிறது. கடந்த இருபது வருடமாக ஆண்களுக்கான பெர்ஃப்யூமிலும் பாடி ஸ்ப்ரேயிலும் 'வுடி ஆம்பர்' என்று தொழிலில் சொல்கிற சில செயற்கைப் பொருள்களை அள்ளிப் போடுகிறார்கள். காய்ந்த கட்டை, சூடான இஸ்திரிப்பெட்டி, கொஞ்சம் ஸ்பிரிட் எல்லாம் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். மிகச் சிறிய அளவிலேயே மூக்கைக் கீறும். லிஃப்டில் ஆள் இறங்கிப் போய் ஐந்து நிமிடம் கழித்தும் நிற்கும். சிலருக்கு உடனே தலைவலி. அடக்கமான ஆள் போட்டுக்கொண்டாலும் அது அவருக்கு முன்னால் போய்ச் சத்தம் போடும். பெட்டியில் எழுதியிருப்பதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, மூக்கை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஸ்ட்ரிப்பில் அடித்து ஒரு மணி நேரம் விட்டு முகருங்கள். மெத்தென்று, பால் கலந்த மாதிரி, துவைத்த துணி மாதிரி இருந்தால் நான் சொல்கிற வகை. மூக்கின் நுனியில் ஊசி குத்தினால் அந்த இன்னொன்று. எனக்கு அந்த இரண்டாவது வகை பிடிக்காது, ஒளித்து வைக்க விரும்பவில்லை. ஆனால் கடையில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதுதான் ஓடுகிறது.

ஆண், பெண் என்று பிரித்துப் போடுவது பற்றியும் ஒரு வார்த்தை. மரவாசம் ஆணுக்கு, பூவாசம் பெண்ணுக்கு என்பது வியாபாரிகள் போட்ட கோடு. 1992இல் ஷிசைடோ நிறுவனம் 'ஃபெமினிட்டே டு புவா' என்று சீடர் மரத்தை நடுவில் வைத்துப் பெண்களுக்கென்றே ஒன்று வெளியிட்டது. தொழிலில் இன்றும் மரியாதையோடு பேசுகிற குப்பி. 2003இல் நார்ஸிஸோ ராட்ரிகஸ் 'ஃபார் ஹர்' வந்தது, கறுப்புக் குப்பி. கிறிஸ்டின் நாஜெல், ஃபிரான்சிஸ் குர்க்ஜியான் இருவரும் சேர்ந்து செய்தது. பூ இருக்கிறது, ஆனால் உள்ளே நிற்பது மஸ்க்கும் அடியில் மரமும்தான். அதை எங்கள் கடையில் தனக்கென்று வாங்கிய ஆண்களை எனக்குத் தெரியும். நம் ஊரில் இந்தக் கோடே எதற்கு? கல்யாண மண்டப வாசலில் சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் சொம்பு, கற்கண்டு வைத்திருக்கிறோம். வருகிற எல்லோருக்கும் ஒரே கிண்ணம். என் ஆத்தா வைத்திருந்த ஜவ்வாது டப்பி கட்டைவிரல் அளவு இருக்கும். பழைய காலத்து ஜவ்வாது, சந்தனம், புனுகு இதெல்லாம் மரமும் மிருக வாசமும் சேர்ந்த கூட்டணிதான். நம்ம ஊர் வுடி மஸ்க் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆத்தா கிள்ளி எடுத்துத் தாத்தா கழுத்திலும் தடவும், தன் கழுத்திலும் தடவிக்கொள்ளும்.

போடுகிற முறையில் நம் வெயிலுக்கென்று சில மாற்றம் வேண்டும். ஐரோப்பாவில் குளிருக்கு நாலைந்து முறை அடிப்பது இங்கே மே மாதத்தில் வேண்டாம். சூட்டில் எல்லாம் வேகமாக எழும். மேலே இருக்கும் எலுமிச்சை வகை கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அடியில் இருக்கும் மஸ்க் அசையாது. குளித்துத் துவட்டியதும் கழுத்தின் பக்கத்தில் ஒன்று, சட்டை போடும் முன் மார்பில் ஒன்று, போதும். தோல் வறண்டிருந்தால் வாசனை இல்லாத ஏதாவது கிரீமை முதலில் தடவுங்கள், ஈரப்பசையில் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து நிற்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதற்கே ஒரு வாசம் இருக்கிறது, சந்தனத்தோடு சண்டை போடும். வியர்வை நாற்றத்தின் மேல் அடிப்பதும் வேண்டாம். மஸ்க் எதையும் மறைக்காது, கூடச் சேர்ந்து நின்று தூக்கிக் கொடுக்கும். நல்லதானாலும் சரி, கெட்டதானாலும் சரி. வெள்ளைச் சட்டையில் நேராக அடித்தால் சில குப்பிகள் மஞ்சள் கறை போடும், உள்பனியனில் அடியுங்கள். குப்பியைக் குளியலறையில் வைக்காதீர்கள். பீரோவுக்குள் துணிக்கு நடுவில் வைப்பதே நல்லது, துணிக்கும் கொஞ்சம் ஏறும்.

ஆஸ்பத்திரி, பச்சைக் குழந்தை இருக்கிற வீடு, ஆஸ்துமாக்காரர் பக்கத்துச் சீட்டு, இந்த மூன்று இடத்துக்கும் எந்த வாசனையும் வேண்டாம். குழந்தை மருத்துவர் ஒருவர் எங்களிடம் வாங்குகிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று சொல்லியே வாங்குவார்.

கடைசியாக, இந்தக் குப்பி உங்களுக்குச் சேருகிறதா என்று பார்க்கிற வழி. இரண்டு நாள் ஒரேயொரு ஸ்ப்ரே போதும், கூட்டாதீர்கள். உங்களுக்கு வரவில்லை என்றாலும் கூட்டாதீர்கள். இரண்டாம் நாள் இரவு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுங்கள். காலையில் முகம் கழுவிவிட்டு, காப்பி குடிக்கும் முன், அந்தக் காலரை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். இரவெல்லாம் மூக்கு ஓய்ந்திருக்கும், அப்போது வருவதுதான் மற்றவர்களுக்கு உங்களிடமிருந்து வருகிற வாசனை. பிடித்திருந்தால் குப்பியைத் தீருங்கள். அப்போதும் ஒன்றும் வரவில்லை, மனைவிக்கு மட்டும் வருகிறது என்றாலும் தீருங்கள், வாங்கிக் கொடுத்தவர் அவர்தானே. இரண்டு பேருக்கும் வரவில்லை என்றால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.